டயரைத் தட்டிப் பார்த்த தம்பிக்கு, டேஷ்போர்டு சம்பந்தமாக

விரோதி வருஷம், வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை.
அல்வால், செகந்திராபாத்.

காஞ்சிபுரத்தில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி சிரஞ்சீவி சக்ரபாணிக்கு, அக்கா ருக்மிணி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகன் பாலாவும் மருமகள் ப்ரியாவும் பேத்தி தேஜஸ்வினியும் பெருமாள் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் கனகவல்லியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கனகவல்லிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாகச் சொல்லவும். என் கண் ஆபரேஷனுக்கு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தாலும் நான் கேட்கிறேன்.

நிற்க. நீ ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகவும், ஃபியட் வண்டியை ஓட்டிக்கொண்டு போக டிரைவர் பழனிசாமியையும் கூட்டிக்கொண்டு வருவதாகவும் சொன்னாய். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. பழனிசாமியை வேறு வேலை பார்க்கச் சொல். வண்டி வராது. இதை போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ நடுநடுவே பேசுவாய். கடிதத்தில் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகக் கடைசிவரை படி.

வண்டியை உனக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேனா என்றால், கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு எதுவும் மறக்காது, நான் சொன்னதும் மறக்காது. பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் பாலா, புது வண்டி வாங்கப் போவதாகவும், போர்ட்டிகோவில் இரண்டு வண்டி நிற்க இடம் இல்லை என்றும், என் வீட்டுக்காரர், உன் மாமா, ஆசைஆசையாய் வாங்கித் தடவித்தடவி ஓட்டிய வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றும் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அவனுக்குத் தோசை இறங்கியது. எனக்கு இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் உனக்கு போன் போட்டு, டேய், நீயே எடுத்துக்கோடா, நம்ம ரத்தத்துக்குள்ள இருக்கட்டும் என்றேன். நீயும் ஒரு பேச்சுக்குக்கூட 'வேண்டாம்க்கா' என்று சொல்லாமல், மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாமல் 'சரிக்கா' என்றாய். அப்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உன் மாமாவின் கருமாதி அன்று, பந்தியில் கடைசி வரிசை இன்னும் எழுந்திருக்கவில்லை, நீ போர்ட்டிகோவில் ஃபியட்டைச் சுற்றிச்சுற்றி வந்து ஒவ்வொரு டயராகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காற்று இருக்கிறதா என்று பார்த்தேன் என்று நீ சொல்லலாம். கருமாதி வீட்டில் காற்று பார்க்க வேண்டிய அவசியம் என்ன. சரி, அதை விடு. நான் விட்டுவிட்டேன்.

இப்போது எழுத வந்தது ப்ரியாவைப் பற்றி. இந்தப் பெண்ணைப் பற்றி உன்னிடம் இதுவரை நான் சொன்னதை எல்லாம் ஒரு பக்கம் தள்ளி வை. அவள் எங்கள் வண்டியில் ஏறமாட்டாள் என்பது உனக்குத் தெரியும், நீயே கண்ணால் பார்த்திருக்கிறாய். கல்யாணத்துக்கு என்று உன் மாமா இங்கிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்த வண்டி. மண்டபத்திலிருந்து நம் வீட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் அதில்தான் வந்தார்கள். மறுநாள் கோவிலுக்குப் போக உன் மாமா வண்டியைத் துடைத்து, முன்னால் மல்லிகைச் சரம் கட்டி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், இந்த மகராசி புதுப்பெண், "நான் இந்த வண்டியில ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் சித்தப்பாவின் சுமோவில் ஏறிப் போனாள். உன் மாமா கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார். அந்தச் சத்தம் வராத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவள் அதில் உட்காரவில்லை. தேஜஸ்வினி பிறக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட, வாசலில் வண்டியும் உன் மாமாவும் தயாராக நிற்க, வலியோடு தெருமுனை வரைக்கும் நடந்துபோய் ஆட்டோ பிடித்தாள். இப்படிப்பட்ட திமிரை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

போன வருஷம் அமெரிக்காவில் ஏதோ பாங்கு விழுந்துவிட்டதாம். அங்கே விழுந்ததற்கு இங்கே மாதாப்பூரில் ப்ரியாவின் கம்பெனியில் வேலை இல்லாமல் போய், அவளைப் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்றான் பாலா. பெஞ்சு என்றால் சம்பளத்தோடு வீட்டில் இருப்பது. நான் நாலாம் வகுப்பில் பெஞ்சின்மேல் நின்றிருக்கிறேன், எனக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் அவளும் ஒரே வீட்டில் பகல் முழுக்க இருந்தது இப்போதுதான். அந்தப் பெண்ணுக்குக் கை சும்மா இருக்காது. முதல் வாரம் சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றிலும் இங்கிலீஷில் சீட்டு ஒட்டினாள். நான் மூடியைத் திறந்து பார்த்துத்தான் கடுகு எடுக்கிறேன். இரண்டாவது வாரம் பாலா, "ஃபியட் சக்ரபாணி மாமாவுக்குப் போகுது, அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறார்" என்றான். ப்ரியா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போறதுக்கு முன்னாடி அந்த டேஷ்போர்டை நான் உரிக்கணும்" என்றாள்.

"எதுக்கு? மாமா அதையெல்லாம் பார்க்க மாட்டார்."

"மாமா பார்க்கறதுக்கு இல்ல. எனக்கு."

டேஷ்போர்டு என்றால் ஸ்டியரிங்குக்கு முன்னால் குறுக்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பலகை மாதிரி போகிறதே, அது. இந்த ஊர் வெயில் வருஷக்கணக்கில் கண்ணாடி வழியாக விழுந்து, மேலே இருந்த கறுப்பு ரெக்ஸின் பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி பாளம்பாளமாக வெடித்து, உள்ளே இருக்கிற மஞ்சள் ஸ்பாஞ்சு பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கும். வெடிப்பின் ஓரம் எல்லாம் காய்ந்து ரம்பம் மாதிரி. பாலா, "ராணிகஞ்சுல இதுக்குன்னே ஆள் இருக்கான், கொடுத்தா அரை நாள்ல போர்த்திக் கொடுப்பான்" என்றான். "யாரும் தொடக்கூடாது. நான்தான் உரிப்பேன், நான்தான் போர்த்துவேன்" என்றாள். ஏறாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன், ஒரு கண் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

தம்பி, அவள் வேலை செய்கிற அழகை நீ பார்க்கவேண்டும். முதலில் பாட்டரி வயரை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு வயரையும் கழற்றுவதற்கு முன் கைபோனில் ஒரு படம் எடுத்து, வயருக்கு ஒரு கலர் நூல் கட்டி, அதே கலர் நூலை அது வந்த இடத்திலும் கட்டினாள். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. தறி வீட்டில் பிறந்தவள் நான், எனக்கே கண் நிறைந்துபோனது. ஆனால் உன் மாமா நடுவில் ஒட்டிவைத்த பிள்ளையாரிடம் அவள் கை போனபோது நான் எழுந்துவிட்டேன். சாமியை அப்படியே பெயர்த்து எடுக்கலாமா. கோவிலில் திருப்பணி என்றால் முதலில் பாலாலயம் செய்து, சாமியை ஒரு செம்புத் தண்ணீரில் இறக்கி வேறு இடத்தில் வைத்துப் பூஜை செய்து, வேலை முடிந்தபின் கும்பாபிஷேகம் செய்துதானே திரும்ப ஏற்றுவார்கள். அதைச் சொன்னேன்.

"அத்தை, இது ஃபியட். கோவில் இல்ல."

"தினம் ஊதுபத்தி காட்டின இடம் கோவில் இல்லாம பின்ன என்னா?"

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பு மட்டும் கொண்டுவரவில்லை, மாவிலையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். நான் எனக்குத் தெரிந்த நாலு வரி சொல்லிப் பிள்ளையாரைச் செம்பில் இறக்கினேன். அப்புறம் அவள் ஒரு கெட்டி நூலை இரண்டு கையிலும் பிடித்து, பிள்ளையாரின் அடியில் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்து, ஒரு சில்லுகூடப் போகாமல் பசையை அறுத்து எடுத்தாள். தேஜஸ்வினி வந்து, "நானம்மா, தேவுடு இப்புடு செம்புலோ உன்னாரா?" என்று கேட்டது. பாட்டி, சாமி இப்போது செம்பிலா இருக்கிறார் என்று கேட்கிறது. அந்தக் குழந்தைக்கு நாம் தமிழில் சொன்னால் புரியும், அதன் வாயில் வருவது மட்டும் தெலுங்கு. ஆமாம், வேலை முடியற வரைக்கும் வாடகைக்கு இருக்கார் என்றேன்.

டேஷ்போர்டைக் கழற்றிப் பழைய கோரைப்பாயில் போட்டு, சமையலறைக் கத்தியால் உரிக்க உட்கார்ந்தாள். உரிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாளாய்த் தேடிக்கொண்டிருந்த ஒருத்தனைக் கையும் களவுமாய்ப் பிடித்துவிட்ட முகம். இடதுபக்கம் டிராயர் இருக்கிற மூலையில் பெரிய வெடிப்பு ஒன்று. அதற்குள் என்னமோ மினுங்கியது. புதுக்கண் அல்லவா எனக்கு, நான்தான் முதலில் பார்த்தேன். நகத்தால் கிள்ளி எடுத்தேன். ஒரு நூல். அரக்குப் பட்டு, அதோடு சுற்றிக்கொண்டு ஒரு சரிகை இழை. சக்ரபாணி, நம் அப்பா தறி நெய்த கையால் நம்மை வளர்த்தவர், ஒரு இழையைப் பார்த்தால் அது எந்தப் புடவை என்று எனக்குத் தெரியாதா. பிள்ளையார்பாளையத்தில் வரதராஜன் தறியில் நானே போய் நின்று, சரிகை போதாது போதாது என்று சண்டை போட்டு நெய்யவைத்த ப்ரியாவின் கூறைப்புடவை.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. உரித்துக்கொண்டே சொன்னாள். "வண்டியிலேர்ந்து இறங்கறப்ப மாட்டிக்கிச்சு அத்தை. தெரியாம இழுத்துட்டேன். ஒரு சாண் கிழிஞ்சிடுச்சு."

"எப்ப?"

"முகூர்த்தம் முடிஞ்சு காஞ்சிபுரம் வீட்டு வாசல்ல. நீங்க ஆரத்தித் தட்டோட நின்னுட்டிருந்தீங்க."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். தாலி ஏறின அன்றே கூறை கிழிந்தது அபசகுனம் என்று சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்லியிருப்பேன், அடுத்த நாள் சொல்லியிருப்பேன், உன் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சொல்லியிருப்பேன், அவர் போனபோது கட்டாயம் சொல்லியிருப்பேன். நான் எப்படிப்பட்டவள் என்று, வீட்டுக்குள் இன்னும் கால்கூட வைக்காத பெண் ஆரத்தித் தட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே பார்வையில் கணக்குப் போட்டிருக்கிறாள். கிழிசலை மடிப்புக்குள் விட்டுச் சொருகிக்கொண்டு, சிரித்த முகமாய் ஆரத்தி எடுத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள். அதற்கப்புறம் எத்தனை பண்டிகைக்கு அந்தப் புடவையைக் கட்டியிருக்கிறாள், அந்த மடிப்பு உள்பக்கமாகவே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை என்றால் அது சாதாரண சாமர்த்தியம் இல்லை.

"அதுக்காகவா ஏறமாட்டேன்னே?"

"அன்னியிலேர்ந்து எனக்கும் அந்த டேஷ்போர்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல அத்தை" என்றாள்.

மனிதர்களோடு பேசாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும், நானே நாலு பேரோடு பேசுவதில்லை. ஆனால் ஒரு டேஷ்போர்டோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்து, ஒருத்தரிடமும் மூச்சுவிடாமல், பிள்ளை பெறப் போகும்போதுகூட விட்டுக்கொடுக்காமல், நேரம் வரும்வரை காத்திருந்து, அது ஊரைவிட்டுப் போகிற சமயம் பார்த்துத் தன் கையாலேயே உரித்தாளே, இப்படி ஒரு வைராக்கியத்தை நான் கண்டதில்லை. இந்த வீட்டில் எனக்கப்புறம் ஞாபகம் வைத்துக்கொள்ள ஆள் இல்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கவலை விட்டது. இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மணப்பெண் பின்சீட்டில் உட்காராமல் முன்சீட்டில் ஏன் உட்கார்ந்தாள் என்றால், பின்சீட்டில் கனகவல்லி சீர்வரிசைத் தட்டுகளோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இதை அவளிடம் சொல்லவேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அடுத்த நாள் நானும் அவளும் ரெக்ஸின் வாங்க ராணிகஞ்சுக்குப் போனோம். கறுப்புதான் வண்டிக்கு ஒரிஜினல், கறுப்பே வாங்குங்கள் என்று பாலா சொல்லி அனுப்பியிருந்தான். கடையில் ப்ரியா கறுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, மேல் தட்டில் இருந்த அரக்குக் கலர் சுருளைக் காட்டினாள். நான் சுருக்குப்பையை அவிழ்த்தேன். கடைக்கார பாய், "இத்தா மெஹனத் கைக்கு அம்மா? நயீ காடி லேலோ" என்றார், இவ்வளவு பாடு எதற்கு, புது வண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று. நக்கோ பாய், வேண்டாம், புதுசா வாங்கறவ இல்ல இவ, பழைய கணக்கைத் தீர்க்கறவ என்று நான் பாதி அவர் பாஷையிலும் பாதி நம் பாஷையிலும் சொன்னேன். "ஹவ் ஹவ்" என்று தலையாட்டிவிட்டு அளந்து கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் ஒட்டுவது என்று ஏற்பாடு. அதற்குள் அவள் வெடிப்பை எல்லாம் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெல்லிசாய் ஸ்பாஞ்சு ஒட்டி, டேஷ்போர்டைப் பிறந்த குழந்தையின் முதுகு மாதிரி ஆக்கிவைத்திருந்தாள். இந்தப் பசை ஒரு தினுசு. இரண்டு பக்கமும் தடவிவிட்டு உடனே ஒட்டக்கூடாது, விரலில் பிசுக்கென்று ஒட்டாத பதம் வரும்வரை ஆறவிட்டு, அப்புறம் வைத்தால் விடாப்பிடியாகப் பிடிக்கும். பதம் தப்பினால் பிடிக்காது. தடவினாள், ஆறவிட்டாள், தொட்டுப் பார்த்தாள், சரியான பதம், ரெக்ஸினை இரண்டு கையாலும் தூக்கினாள். ஹால் கடிகாரம் ஒன்பது அடித்தது. நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன்.

"ராகு காலம் பொறந்துடுச்சு. எறக்கி வை."

"பசைக்கு ராகு காலம் தெரியாது அத்தை."

"எனக்குத் தெரியும்ல."

பாலா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஞாபகம் வந்த மாதிரி பேப்பர் வாங்கப் போனான். பேப்பர் காலையிலேயே வந்துவிட்டது. ப்ரியா ரெக்ஸினைக் கீழே இறக்கிவைத்தாள். எனக்காக இறக்கினாள் என்பதை நான் இங்கே எழுதிவைக்கிறேன். ராகு காலம் முடிந்து வைத்துப் பார்த்தால், பசை செத்துப்போயிருந்தது. ஒட்டின மாதிரி ஒட்டி, அவித்த முட்டைத் தோல் மாதிரி கழன்று வந்தது. மறுபடி எல்லாவற்றையும் சுரண்டி, ஸ்பாஞ்சு போட்டு, முதலிலிருந்து செய்யவேண்டும். கத்துவாள் என்று காத்திருந்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. சுரண்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "ஏன் அத்தை, தாலியைக் கையில எடுத்தப்புறம் ராகு காலம் வந்துடுச்சுன்னு யாராச்சும் நிறுத்துவாங்களா?"

தயாராக வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. கெட்டிமேளம் கொட்டினபின் நேரம் பார்ப்பதில்லை என்பது நமக்குத் தெரியாததா. பசையைத் தடவினபோதே மேளம் கொட்டியாகிவிட்டது.

மறுபடி தயாரானது புதன்கிழமை, அதுவும் பாலா ஆபீஸில் இருக்கிற உச்சிவேளை. ரெக்ஸினைச் சூடுகாட்டினால்தான் வளைவில் சுருக்கம் இல்லாமல் இழுபடும் என்று அவள் தலை காயவைக்கிற மெஷினை எடுத்துவைத்திருந்தாள். பசை தடவி முடித்தாள், கரண்டு போய்விட்டது. இந்த ஊர்க் கோடைக் கரண்டு உனக்குத் தெரியாது, போனால் மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி, எப்போது வரும் என்று சொல்லமுடியாது. பசை பதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் சுடுதண்ணி வைக்கட்டுமா என்கிறேன், அவள் அதற்குள் ரெக்ஸினைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள். மொட்டைமாடியில் வடாம் காயப்போடுகிற மாதிரி, பசை பக்கம் மேலாக விரித்துப் போட்டு வெயிலில் சுடவைத்து, அப்பளம் சுட்டெடுக்கிற நேரத்தில் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி இறங்கி ஓடி வந்தாள். டேஷ்போர்டைப் பாளம்பாளமாய் வெடிக்கவைத்த அதே வெயிலைக் கூப்பிட்டு வேலை வாங்கினாள் பார். அப்போது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. புதன்கிழமை உச்சியில்தான் ராகு காலம். நான் ஹாலுக்குப் போய்க் கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டிவிட்டு வந்தேன்.

ரெக்ஸினை வைப்பதற்கு முன்னால், முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்த அரக்கு நூலை எடுத்து இடதுபக்கத்து மூலையில் ஸ்பாஞ்சின்மேல் வைத்தேன். ப்ரியா பார்த்தாள். விரல் நுனியில் துளி பசை தொட்டு அதன்மேல் வைத்து அழுத்தினாள். பிறகு நடுவில் ஆரம்பித்து, அவள் அந்தக் கோடிக்கும் நான் இந்தக் கோடிக்கும் உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனோம். அடிப்பக்கம் ஓரத்தை அங்கங்கே கத்தரித்து மடித்து, கொடியில் இருந்த துணிக் கிளிப்பு அத்தனையும் போட்டுக் கவ்வவைத்தாள். ஸ்டியரிங் பக்கத்து மூலையில் மட்டும் இரண்டு துண்டு சேருகிற இடத்தில் தையல் போடவேண்டும், மெஷின் ஊசி அந்த வளைவுக்குள் போகாது. எதிர்வீட்டு ரோஸ்லினைக் கூப்பிட்டேன். நாகர்கோவில்காரி, மிலிடரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலையைப் பார்த்தாள். "பட்டாளத்தான் நெத்தியில எத்தன தையல் போட்டாச்சு. இது அனங்கவும் செய்யாது, கெட்ட வார்த்தையும் பேசாது. எளுப்பம்லா" என்று, அசையாது, சுலபம் என்பதை அவள் ஊர்ப் பேச்சில் சொல்லி, வளைந்த ஊசி ஒன்றைக் கொண்டுவந்து தைத்தாள். தையல் பிரிக்க எப்போது வரட்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது பார்க்கவேண்டும் நீ அதை. வேண்டாம், பார்க்கவேண்டாம், பார்த்தால் மறுபடி டயரைத் தட்டுவாய். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. வலதுகோடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுருக்கம், அதைப் பிரித்துத் திரும்பப் போடுகிறேன் என்று நின்றாள், திருஷ்டிக்கு இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன். வயர்களை நூல் பார்த்து நூலோடு சேர்த்தாள், ஒன்றுகூட மாறவில்லை, ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது. பிள்ளையார் விஷயத்தில்தான் மறுபடி வாக்குவாதம். என் ரெக்ஸின்மேல் ஒரு பொட்டுப் பசை படக்கூடாது என்கிறாள். சாமியைச் செம்பிலேயே வைத்திருக்கமுடியுமா என்கிறேன். மிச்சத் துண்டில் சின்ன மெத்தை தைத்து, உள்ளே மணலை அடைத்து, அதன்மேல் பிள்ளையாரை உட்காரவைத்தாள். பசையே இல்லாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் மாவிலையால் தண்ணீர் தெளித்துக் கும்பாபிஷேகம் செய்தேன். டேஷ்போர்டு நனையக்கூடாது என்று அவள் முன்னேற்பாடாகப் பிளாஸ்டிக் தாள் விரித்து, பிள்ளையார் அளவுக்கு மட்டும் அதில் ஓட்டை வெட்டியிருந்தாள். சாமிக்கும் குறையில்லை, ரெக்ஸினுக்கும் குறையில்லை.

சாயங்காலம் பாலா ஆபீஸிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் வண்டிக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்பு எங்கே என்று கேட்கவில்லை. அவன் அப்பா மாதிரியே உள்ளங்கையால் ஒருதரம் தடவினான். அப்போது ப்ரியா அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி எங்கும் போகவில்லை, போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள், பழக்கத்தில். அப்புறம் கையை விட்டுவிட்டாள். டிராயரைத் திறந்து மூடி, திறந்து மூடி, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்துக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன். பாலா, "புது வண்டி தெருவுல நிக்கட்டும்மா" என்றான்.

ஆகையால் தம்பி, வண்டி வராது. இது கிழவியின் பிடிவாதம் என்று நினைக்காதே, இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதில் கோவிலுக்குப் போகிறோம், ப்ரியா முன்சீட்டில். அக்கா வாக்கு மாறிவிட்டாள் என்று நீ காஞ்சிபுரம் முழுக்கச் சொல்வாய். சொல்லிக்கொள். நான் கோபப்படமாட்டேன், ஞாபகம் மட்டும் வைத்துக்கொள்வேன். உனக்கும் கனகவல்லிக்கும் நோய்நொடி இல்லாத தீர்க்காயுசும், அவள் முட்டிக்கு பலமும், உனக்கு அடுத்தவர் பொருளில் கண் போகாத மனசும் கொடுக்கும்படி பெருமாளை வேண்டிக்கொண்டு, பாலா, ப்ரியா, தேஜஸ்வினி எல்லோருடைய நமஸ்காரத்தையும் சேர்த்து,

இப்படிக்கு,
உன் அக்கா
ருக்மிணி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. நேற்று கோவிலுக்குக் கிளம்பினோம். லோத்குண்டா தாண்டவில்லை, வண்டியின் முன்னாலிருந்து புகை வந்து, ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். மெக்கானிக் லட்சுமணன் வந்து திறந்து பார்த்தான், மூடினான், சோப்பு கேட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். "இஞ்சன் அயிப்போயிந்தி அம்மா" என்றான். இன்ஜின் முடிந்துவிட்டதாம், இனி எழாதாம். ஆகவே நீ டிக்கெட்டை ரத்து செய்யவேண்டாம். கொடுத்த வாக்கை மீறுகிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. சொன்ன தேதிக்கு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. பழனிசாமி வேண்டாம், லாரி கொண்டு வா. டேஷ்போர்டை மட்டும் ப்ரியா நேற்று சாயங்காலமே கழற்றிவிட்டாள், கை பழகியிருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டது. ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். பிள்ளையார் அதன்மேல் இருக்கிறார், டிராயரில் ரிமோட் இருக்கிறது. அது வராது. மற்றபடி வண்டியில் ஒரு குறையும் இல்லை. டயர் நாலிலும் காற்று நன்றாக இருக்கிறது. நானே சுற்றி வந்து காலால் தட்டிப் பார்த்துவிட்டேன்.